பேரம் படிந்தது

நம்மவர்களுக்குத் தங்கள் அறிவைப் பற்றிச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு. பேரம் பேசும் திறமையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வருவதில்லை. கூடைக்காரியிடம் கத்தரிக்காயில் மூன்று ரூபாய் குறைத்துவிட்டு வந்தவர், அன்று மாலை வரையில் அதை ஒரு படையெடுப்பைப் போல வர்ணித்துக் கொண்டிருப்பார். கேட்கிறவர்களும், "அடேயப்பா, நீங்கள் கெட்டிக்காரர்!" என்று சொல்லி வைப்பார்கள். நாளைக்கு அவர்கள் வர்ணிக்கும்போது இவர் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

கத்தரிக்காயோடு இது நின்றுவிடுமானால் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. பழைய டீசல் சுமை வண்டி வாங்குகிற இடத்துக்கும் இதே திறமையைத் தூக்கிக் கொண்டு போகிறோமே, அங்கேதான் என் வழக்கு ஆரம்பமாகிறது. கத்தரிக்காயில் புழு இருந்தால் அரிவாள்மணையில் தெரிந்துவிடும். நஷ்டம் ஒரு வேளைக் குழம்பு. வண்டியில் இருக்கும் புழு வெளியே வருவதற்கு மூன்று மாதம் ஆகும். அப்போது நஷ்டப்படுவது ஒரு குடும்பம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

கதை எழுதுகிறவனுக்கும் சுமை வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம்தான். காய்கறி வருவது அதில். தண்ணீர் கேன் வருவது அதில். வீடு மாற்றினால் நம் கட்டில், பீரோ, பரணில் கிடந்த பழைய புத்தகங்கள் எல்லாம் ஊர்வலம் போவதும் அதில். 2005-இல் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சின்ன வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டே சிலிண்டர், சுமார் 700 சி.சி. டீசல் இஞ்சின், முக்கால் டன் சுமை. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். எந்த விளம்பரக் கம்பெனிக்கும் இவ்வளவு பொருத்தமான பெயர் தோன்றியிருக்காது. பிறகு 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகிந்திராவின் பொலீரோ பிக்கப் இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவனுடைய கனவு என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தமாக ஒன்று, புதிதாக முடியாது, பழையதாவது ஒன்று.

எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டு வருகிறவர் அப்படிக் கனவு கண்டவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குப் போய், வாடகை வண்டியில் சரக்கு ஏற்றிக் கொண்டு வருவார். கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சேர்ந்ததும் என்னிடம் வந்தார்.

"ஸார், நீங்க வந்து பேப்பரை மட்டும் படிச்சுப் பாத்துடுங்க. வெலையை அந்த அய்யா பேசிக்கறேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

'அந்த அய்யா' என்பவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற அதிகாரி. நல்ல மனிதர். பேரத்தில் புலி. அவரிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அவர் ஒரு ஆள் அல்ல என்பதற்காகவே அவரைப் பற்றி எழுதுகிறேன். ஒவ்வொரு தெருவிலும் அவர் இருக்கிறார். இதைப் படித்துக் கொண்டிருக்கிறவர்களிலும் சிலர் அவராக இருக்கக் கூடும். கோபித்துக் கொள்ள வேண்டாம்.

ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக் கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். பார்த்துச் சொல்ல ஆயிரம் ரூபாய் கேட்டார் அவர். அதிகாரிக்குத் தூக்கி வாரிப் போட்டது. "ஆயிரம் ரூபாயா? வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதற்கா?" என்றார். அவருக்குப் பல் டாக்டர் எவ்வளவு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையில் கிரீஸ் உள்ளவனுடைய படிப்புக்கு விலை கொடுப்பது என்றால் நமக்குத் தாங்குவதில்லை. அது நம் ஜாதி வழக்கத்தின் மிச்சம் என்பது என் அபிப்பிராயம். இருக்கட்டும்.

முதலில் பார்த்த வண்டி புது மணப்பெண் மாதிரி இருந்தது. புதுப் பெயிண்ட், புது சீட் உறை, கண்ணாடியில் சாமி படம், முன்னால் எலுமிச்சம்பழம், மிளகாய். விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அதிகாரி வேலையைத் தொடங்கினார். முகத்தைச் சுளித்தார், டயரை உதைத்தார், நடந்து போய்விடுகிறவர் போலப் பத்தடி நடந்தார், திரும்பி வந்தார். விற்கிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. தலையில் கை வைத்தார், "எனக்கு அசலே தேறாது" என்றார், குழந்தை மேல் சத்தியம் செய்தார். நாற்பது நிமிஷம் பார்க்க நன்றாகவே இருந்தது. முடிவில் பதினைந்தாயிரம் குறைந்து இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்தில் பேரம் படிந்தது.

நான் கேட்கிறேன்: அந்தப் பதினைந்தாயிரம் எங்கிருந்து வந்தது? விற்கிறவர் தம் சொத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாரா? நாம் குறைப்போம் என்பது அவருக்குத் தெரியும். குறைப்பதற்கென்றே அதை விலையின் மேல் ஏற்றி வைத்திருந்தார். நாம் குறைத்தோம், சந்தோஷப்பட்டோம். அந்த நாற்பது நிமிஷமும் நம் கண் அவர் முகத்தில் இருந்ததே தவிர வண்டியின் அடிவயிற்றில் இல்லை. இதற்காகத்தான் அவர் பேரத்தை வளர்க்கிறார். பேரம் பேசத் தெரியாத ஆள் வந்தால்தான் அவருக்குச் சங்கடம். அந்த ஆள் வண்டியைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

மெக்கானிக் இதுவரையில் ஒன்றும் பேசவில்லை. பேரம் முடிந்ததும் சீட்டைத் தூக்கினார். குட்டி யானைக்கு இஞ்சின் சீட்டுக்கு அடியில். அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் கையையும் வைக்கச் சொன்னார். காலை ஏழு மணிக்கு அது சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட வைத்துச் சூடேற்றியிருக்கிறார்கள். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை அழுத்துகிற அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக் கொள்கிறது. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தால், ராத்திரி முழுவதும் ஆறிக் கிடந்த இஞ்சின் காலையில் முரண்டு பிடிக்கும். ஏற்கெனவே சூடேற்றிவிட்டால் இந்தக் குட்டு வெளிப்படாது. ஆகவே, ஆறிய இஞ்சினை நம் கண் முன்னால் முதல் தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். மறுத்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். குப்குப்பென்று புகை அடித்தது. "பேக் கம்ப்ரஷன் ஸார்" என்றார். பிஸ்டனுக்கு மேலே நிற்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று அர்த்தம். சைலன்ஸர் பக்கம் போனோம். புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஜாதகம். ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பாதகமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது இஞ்செக்டர் தேவைக்கு மேல் டீசலைக் கொட்டுகிறது. நீலமாக வந்தால் எரிவது இஞ்சின் ஆயில். இந்த வண்டி நீலமாக விட்டது.

இவ்வளவும் இஞ்சின் விஷயம். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு. "இந்த வண்டி இதுக்கு முன்னாடி என்ன ஏத்திச்சு?" என்று மெக்கானிக் கேட்டார். விற்கிறவர், "லைட் லோடுதாங்க, பூ மார்க்கெட்டுக்கு ஓடினது" என்றார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துக் கொண்டு டார்ச் அடித்தார். ஸ்பிரிங் பட்டை கம்பெனி வைத்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. பூவுக்கு எதற்கு ஐயா கூடுதல் பட்டை? சேஸிஸில் புதுக் கறுப்பு பெயிண்ட். ஆணியால் சுரண்டினால் உள்ளே வெல்டிங் கோடு. முக்கால் டன் வண்டியில் செங்கல்லோ மணலோ ஒன்றரை டன் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரு பழைய வண்டியின் வயதை மீட்டரில் பார்க்கிறவன் ஏமாளி. மீட்டரைப் பின்னால் ஓட்டுவது இன்று அரை மணி வேலை. கிளட்ச், பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் நாற்பதாயிரம் காட்டினால் எதை நம்புவது? எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எதைச் சுமந்து ஓடியது என்பதே முக்கியம். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சேஸிஸை அரித்திருக்கும். செங்கல் ஏற்றியது முதுகு ஒடிந்திருக்கும். ரொட்டி, பஞ்சு மெத்தை, பூ ஏற்றியது வெளியில் கீறலும் நசுங்கலுமாக இருந்தாலும் எலும்பு நன்றாக இருக்கும். மனிதர்களைப் பற்றியும் நான் இப்படித்தான் கதை எழுதிக் கொண்டிருக்கிறேன். அது வேறு விஷயம்.

"இஞ்சின் வேலைக்கு மட்டும் அம்பதாயிரம் வெச்சுக்கணும் ஸார்" என்றார் மெக்கானிக்.

பதினைந்தாயிரம் லாபம், ஐம்பதாயிரம் நஷ்டம். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "அப்படியானால் இன்னும் ஒரு ஐயாயிரம் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாமே!" என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு வண்டி கிடைத்தது. ரொட்டிக் கடைக்கு ஓடியது. பெயிண்ட் வெளிறிப் போய், இடது பக்கக் கதவு நசுங்கி, அழகு என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆறிய இஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக் கொண்டது. இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் சொன்னார்கள். ஐயாயிரத்துக்கு மேல் குறைக்க மாட்டேன் என்று விட்டார்கள். இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கினார் நம் காய்கறிக்காரர். பளபளவென்ற வண்டியைக் குறைந்த விலைக்கு விட்டுவிட்டு, நசுங்கின வண்டிக்கு இருபத்தைந்தாயிரம் அதிகம் கொடுத்தார் என்று அதிகாரி இன்றைக்கும் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

அந்த வண்டிக்குக் கையிலிருந்து எழுபதாயிரம் போட்டார். மீதி இரண்டு லட்சம் கடன். நாற்பதாயிரத்தைத் தொடாமல் வைத்துக் கொண்டார். இந்த நாற்பதாயிரத்தின் பேரிலும் ஒரு சண்டை நடந்தது. கையில் இருக்கும் பணத்தை முழுவதும் விலையில் போட்டால் கடன் குறையுமே என்பது அதிகாரி கட்சி. சம்பளம் வாங்கிப் பழகியவர்களின் கணக்கு அது. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு விலை முதல் செலவுதானே தவிர, முழுச் செலவு அல்ல. ஆயில், வடிகட்டிகள், பெல்ட் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். இரண்டு டயராவது வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் முடிகிற தறுவாயில் இருக்கும். இந்த அளவு சுமை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸுக்கு மட்டும் 2022-இல் சர்க்கார் விதித்த தொகை 16,049 ரூபாய், வரி தனி. வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். கையில் ஒன்றும் வைத்துக் கொள்ளாதவன் முதல் ரிப்பேருக்கே மீட்டர் வட்டிக்காரனிடம் போய் நிற்பான். அப்புறம் வண்டி அவனுக்காக ஓடாது.

வட்டி என்றதும் கடன் கதைக்கு வருகிறேன். கடன் வாங்கிக் கொடுக்க வந்த ஏஜெண்ட், "ஒரு ரூபாய் வட்டிதான் ஸார்" என்றார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதிகாரியே தலையாட்டினார். இரண்டு லட்சத்துக்கு மூன்று வருஷத்தில் 72,000 ரூபாய் வட்டி. மாதத் தவணை 7,556 ரூபாய். இதில் என்ன சூது என்றால், மாதா மாதம் அசலில் ஒரு பங்கு திரும்பிப் போய்க் கொண்டே இருக்கிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரையில் முழு இரண்டு லட்சத்துக்கு. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டுகிறோம்! பாக்கி நிற்கிற அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது 12 சதவீதம் அல்ல, 21-க்கும் மேலே. உண்மையான 12 சதவீதமாக இருந்தால் தவணை 6,643 ரூபாய்தான். மொத்த வட்டி 39,000 சொச்சம். வித்தியாசம் ஏறக்குறைய 33,000 ரூபாய்.

பதினைந்தாயிரத்துக்காக நாற்பது நிமிஷம் குஸ்தி போட்ட பேரப் புலி, இந்த முப்பத்து மூவாயிரத்துக்கு ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஏன்? கடன் கொடுக்கிறவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். அவரிடம் பேரம் பேசுவது மரியாதை இல்லை என்பது நம் எண்ணம். கூடைக்காரியிடம் பேசினால் மட்டும் அது சாமர்த்தியம்!

2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வங்கியோ நிதி நிறுவனமோ, இப்படிப்பட்ட கடன் கொடுப்பதற்கு முன்னால், எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதை, வாங்குகிறவனுக்குப் புரிகிற பாஷையில், ஒரு விவரத் தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளைக் கேட்டேன். ஏஜெண்ட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காய்கறிக்காரர் வேறு இடத்தில் கடன் வாங்கினார்.

"இத்தனை தொல்லை எதற்கு? புதிய வண்டியே வாங்கலாமே!" என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். மாதா மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். நாலு நாள் மழை பிடித்துக் கொண்டால் வியாபாரம் படுத்துவிடுகிறவனுக்குப் புது வண்டியின் தவணை கழுத்தில் கட்டிய கல். 2020 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் புது டீசல் வண்டிகள் பி.எஸ்.6 ரகம். ஊர்க் காற்றுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அவற்றின் புகைக்குழாயிலும் கம்ப்யூட்டரிலும் கோளாறு வந்தால் தெருமுனை மெக்கானிக்கின் ஸ்பானர் மட்டும் போதாது. பழைய வண்டி வாங்குகிறவன் முட்டாள் அல்ல. அவன் பக்கத்தில் நின்று கொண்டு தப்பான இடத்தில் சாமர்த்தியம் காட்டுகிறவர்கள்தான் அவனைக் கெடுக்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டது காகிதம் படிப்பதற்கு அல்லவா? அதைச் சொல்லி விடுகிறேன். வண்டி எண்ணைக் கைபேசியில் சர்க்காரின் 'பரிவாகன்' செயலியில் அடித்தால், எப்போது பதிவானது, எத்தனையாவது சொந்தக்காரர், எஃப்.சி. எது வரையில், கடன் இன்னும் பதிவில் நிற்கிறதா என்பதெல்லாம் வந்துவிடுகிறது. "கடன் எப்பவோ முடிஞ்சுதுங்க" என்ற வாய் வார்த்தை செல்லாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ஆம் படிவம் வேண்டும், ஆர்.சி.யில் அந்தப் பதிவு நீங்கியிருக்க வேண்டும். இடையில் ஒரு புரோக்கர் வந்து, பர்மிட் எடுக்க ஐயாயிரம் ஆகும் என்றார். சுமையோடு சேர்ந்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு சொல்கிறது. கார் லைசென்ஸை வைத்துக் கொண்டு இதை ஓட்டக் கூடாது என்றும் பயமுறுத்தினார். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சுமை வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். புரோக்கர் மறுபடி வரவில்லை.

இனிமேல் நான் சொல்வது வாங்குகிறவனுக்கு அல்ல, விற்கிறவர்களுக்கு. அதாவது உங்களுக்கும் எனக்கும். நாம் சுமை வண்டி விற்பதில்லை. காரும் ஸ்கூட்டரும் விற்கிறோம். எப்படி விற்கிறோம்? 29-ஆம் படிவம், 30-ஆம் படிவம் இரண்டிலும் வெற்றுத் தாளில் கையெழுத்தைப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் யார் போய் நிற்பது என்ற சோம்பல். பதினான்கு நாளில் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி அந்த வெற்றுப் படிவங்களோடு ஒரு கை, இரண்டு கை, மூன்று கை மாறுகிறது. கடைசியில் வாங்குகிற ஏழையின் பெயரில் அது பதிவாவதே இல்லை. அவன் வண்டி, ஆனால் அவனுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. விற்கவும் முடியாது, அதன் பேரில் கடன் வாங்கவும் முடியாது.

அவன் கஷ்டம் நமக்கு உறைக்காவிட்டால், நம் கஷ்டத்தையாவது சொல்கிறேன். இப்படிக் கை மாறிப் போன ஒரு வண்டி விபத்தில் மாட்டிக் கொண்ட வழக்கில், பதிவேட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரன், நஷ்ட ஈடு அவன் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

எங்கள் அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் நாலு வருஷத்துக்கு முன் தம்முடைய பழைய காரை நல்ல விலைக்குத் தள்ளியவர். அந்தப் பேரத்தைப் பற்றி நானே ஐந்தாறு தடவை கேட்டிருக்கிறேன். கைபேசியை எடுத்து அந்தக் கார் எண்ணை அடித்தார். சொந்தக்காரர் பெயரை நட்சத்திரக் குறிகள் போட்டு மறைத்துத்தான் காட்டுகிறார்கள். சில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. தம் பெயர் தமக்குத் தெரியாதா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டு மறுபடியும் பார்த்தார்.

நீங்களும் இன்று மாலை அடித்துப் பாருங்கள்.